கோடைமலைக் கோபுரமும் தொலைக்காட்சி நேயரும்

பழனி மலைத்தொடர் பழந்தமிழ்ப் பாடல்களில் இரண்டு பெயர்களால் நமக்கு அறிமுகமாகிறது. வட அடிவாரம் பொதினி, உச்சி கோடை. பொதினி ஆவியர்குடிக்கு உரியது. கோடைமலையின் தலைவனாகக் கடியநெடுவேட்டுவனைப் புறநானூறு காட்டுகிறது. தமிழ் மாணவர் அனைவரும் அறிந்த இச்செய்தியை ஈண்டு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. புலவர்கள் பரிசில் வேண்டி ஏறிய அதே மலையில் 1899-இல் கதிரவனை ஆராயும் வானாய்வுக்கூடம் அமைந்தது. பின்னர், எண்பதுகளின் பிற்பாதியில், தென்மாவட்டங்கள் பலவற்றுக்கும் படமும் ஒலியும் அனுப்பும் தொலைக்காட்சிக் கோபுரம் அங்கிருந்து இயங்கத் தொடங்கியது. அக்கோபுரத்தையும், அதை நோக்கித் தம் கூரைகளில் அலுமினியக் கம்பிகளை நிறுத்திய மக்களையும் பற்றிச் சில சொல்ல விழைகிறோம். தொலைக்காட்சி தமிழ்த்துறை மலருக்கு உரிய பொருளா என்று மூத்தோர் சிலர் வினவக்கூடும். ஒரு மக்கள் கூட்டம் ஒரு மொழியை ஒரே நேரத்தில் ஒன்றாக இருந்து கேட்ட வரலாறு தமிழ்த்துறைக்கு அயலானதன்று என்பதே நம் விடை.

மலையை ஏன் தேர்ந்தனர் என்பதிலிருந்து தொடங்குவோம். வானொலியின் மத்திய அலை நிலத்தைத் தழுவி நெடுந்தொலைவு செல்லும். ஆகவே 1939-இல் திருச்சியில் தொடங்கிய வானொலி நிலையத்திற்கு மலை தேவைப்படவில்லை. தொலைக்காட்சி அலையும் பண்பலையும் அவ்வாறல்ல. அவை பெரும்பாலும் ஒளியைப் போல நேர்க்கோட்டில் செல்வன. பூமி உருண்டையாக இருப்பதனால் ஓரளவு தொலைவுக்கு அப்பால் நிலம் தாழ்ந்துவிடுகிறது. அலை மேலே போய்விடுகிறது. சமவெளியில் 100 மீட்டர் உயரமுள்ள ஒரு கம்பத்தின் உச்சியில் நிற்பவனுக்குத் தொடுவானம் ஏறத்தாழ 36 கிலோமீட்டரில் முடியும். கொடைக்கானலைப் போல் 2,100 மீட்டர் உயரத்தில் நிற்பவனுக்கு அது ஏறத்தாழ 160 கிலோமீட்டர். காற்று மண்டலம் அலையைச் சற்றே வளைத்துவிடுவதால் ஒளிபரப்புக்கு இன்னும் சிறிது கூடுதலாகவே கிட்டும். மதுரை, திண்டுக்கல், கோவை, திருச்சி ஆகிய நகரங்கள் யாவும் இவ்வட்டத்திற்குள் அடங்குகின்றன. சமவெளியில் பல கோபுரங்கள் செய்ய வேண்டிய பணியை மலை தன் உயரத்தால் தானே செய்துவிடுகிறது.

எனினும் விளக்கடியில் இருள் என்னும் பழமொழி இங்கும் பொய்க்கவில்லை. மலை மடிப்புகளுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் சிற்றூர்களுக்கும் பாறைச் சரிவின் மறைவில் உள்ள குடியிருப்புகளுக்கும் அலை எட்டுவது அரிது. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளவன் தெளிவாகக் காணும் படத்தை, கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் தொலைவில் உள்ளவன் புள்ளியும் கோடுமாகக் காண்பான். இவ்வுவமையை நாம் பின்னரும் எடுத்தாள வேண்டியிருக்கும்.

கோபுரம் வருமுன்

இந்தியத் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று பிறந்தது. ஆனால் சென்னைக்கும் கொடைக்கானலுக்கும் இடையே நேர்க்கோட்டிலேயே 400 கிலோமீட்டருக்கு மேல் உண்டு. மதுரைக்காரருக்குச் சென்னைத் தொலைக்காட்சி என்பது நாளிதழில் நிகழ்ச்சி நிரலாகப் படிக்கத்தக்க ஒன்றாகவே நெடுங்காலம் இருந்தது. அதே 1975-இல் செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை என்னும் பெருமுயற்சி ஆறு மாநிலங்களின் சிற்றூர்களில் ஓராண்டுக் காலம் நடைபெற்றது. அவ்வாறனுள் தமிழகம் இல்லை.

இதற்கிடையில் கடலோர மக்கள் வேறு வழி கண்டனர். இலங்கையின் ரூபவாகினி 1982 பிப்ரவரியில் தொடங்கிற்று. அந்நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய பிதுருதலகாலையில் அதன் கோபுரம் நிறுவப்பட்டது. இடையே கடல் மட்டும் கிடந்தமையால், காலநிலை ஒத்துழைத்த இரவுகளில், இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையோர ஊர்களில் அப்படம் தெரிந்தது. தென்னையை விட உயரமான கம்பங்களும் பூஸ்டர் என்னும் மின்பெருக்கிகளும் அவ்வூர்களின் கூரைகளில் முளைத்தன. கொழும்போடும் வளைகுடாவோடும் வணிகத் தொடர்பு கொண்ட நம் சமுதாயத்தார் வாழும் கடற்கரைப் பட்டினங்களுக்குத் தொலைக்காட்சிப் பெட்டிகள் கடல் வழியாகவும் வான் வழியாகவும் வந்தவை. தம் நாட்டுத் தலைநகரின் ஒளிபரப்பு எட்டாத நிலையில் அயல்நாட்டுத் தமிழ்ச் செய்தியை வீட்டிலிருந்தே கண்டவர்கள் அவர்கள்.

1983-இல் இன்சாட்-1பி செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அடுத்த ஆண்டில் நாள் ஒன்றுக்கு ஒரு நிலையம் என்று சொல்லுமளவுக்கு நாடெங்கும் குறைந்த ஆற்றல் கொண்ட ஒளிபரப்புக் கருவிகள் நிறுவப்பட்டன. பெரும்பாலும் 100 வாட் ஆற்றலுடைய அவை, நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டுமே தழுவின. செயற்கைக்கோளிலிருந்து அவை பெற்றுத் தந்தது தில்லியின் நிகழ்ச்சிகளையே. அவற்றின் மொழி இந்தி, சிறிது ஆங்கிலம். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை நாம் வள்ளலென்று போற்றுகிறோம். மயில் அதைப் போர்த்திக்கொள்ளுமா என்று அவன் எண்ணிப் பார்க்கவில்லை. கொடைமடம் என்று புலவர்கள் அதற்குப் பெயரிட்டுப் பாராட்டினார்கள். தமிழ் நகரங்களுக்கு முழுநேரமும் இந்தியை ஈந்த அரசின் செயலும் ஒருவகைக் கொடைமடமே. ஆயின் புலவர் எவரும் அதைப் பாராட்டியதாகத் தெரியவில்லை.

இந்நிலையை மாற்றியதே கோடைமலைக் கோபுரத்தின் முதன்மையான பணி. பேராற்றல் கொண்ட அந்நிலையம் வந்த பின்னரே சென்னை நிலையத்தின் தமிழ் நிகழ்ச்சிகள் தென்மாவட்ட வீடுகளுக்குள் நாள்தோறும் நுழைந்தன. மாலையில் தமிழ், இரவு எட்டரை மணியளவில் தில்லி. அந்த இரண்டு மணிநேரத் தமிழுக்காகவே பலர் பெட்டி வாங்கினர் என்றால் அது மிகையன்று.

தெருவே கூடிய திண்ணை

மலைக்குத் தெற்கே, கம்பம் பள்ளத்தாக்கின் ஊரொன்றில் பிறந்தவர் நாம். நம் தெருவில் ஏறத்தாழ அறுபது வீடுகள். தொடக்கத்தில் பெட்டிகள் மூன்று. சாலிடேர் ஒன்று, டயனோரா இரண்டு. இழுத்துச் சாத்தும் கதவுள்ள மரக்கூட்டுக்குள் நகைப்பெட்டியைப் போல் அவை வைக்கப்பட்டிருந்தன. கதவைத் திறக்கும் ஓசை தெருமுனைக்கும் கேட்கும் என்று பெரியவர்கள் கேலி செய்வதுண்டு. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', வார இறுதித் தமிழ்த் திரைப்படம், செவ்வாய்க்கிழமை நாடகம் ஆகியவற்றிற்கு அவ்வீடுகளின் கூடம் போதாது. திண்ணையும் வாசலும் நிரம்பும். பெட்டிக்கு உரியவர் பெட்டிக்கு மட்டுமே உரியவர். பாயும் இடமும் வந்தவர்க்குரியன.

ஆன்டெனாவின் முகத்தைக் கோடைமலைப் பக்கமாகத் திருப்புவது ஒரு கலையாகவே வளர்ந்திருந்தது. ஒருவர் மாடியில், ஒருவர் வாசலில், ஒருவர் பெட்டியின் முன். "தெரியுதா?" "இன்னும் கொஞ்சம் மலைப்பக்கம்!" "போச்சு, போச்சு, பழையபடி வை!" என்னும் மும்முனை உரையாடல் காற்றடித்த மறுநாள்தோறும் தெருவில் ஒலிக்கும். தொழுகைக்கு மேற்கு, தொலைக்காட்சிக்கு வடகிழக்கு என்று நம் பாட்டனார் சொல்வார். அதில் பாதி நகைச்சுவை, பாதி கவலை.

அக்கவலையை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. தொலைக்காட்சியை வீட்டுக்குள் விடலாமா என்னும் வினா நம் ஜமாஅத்துகளில் வலுவாகவே எழுந்தது. ஆட்டமும் பாட்டமும் பிள்ளைகளைக் கெடுக்கும் என்றனர் சிலர். செய்தியும் கல்வியும் அதில் உண்டே என்றனர் வேறு சிலர். மாலைத் தமிழ் நிகழ்ச்சிகள் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் அமைந்தமை இச்சிக்கலை மேலும் கூர்மையாக்கியது. பள்ளிவாசலின் இஷா வரிசையில் வெள்ளிக்கிழமைகளில் இளைஞர் குறைவதைப் பெரியவர்கள் எண்ணிக் காட்டினர். அவர்கள் கூறியது பொய்யன்று. ஆனால் அதே தெருவில், பாங்கொலி எழுந்தவுடன் எந்தச் சமயத்தார் வீடாயினும் ஒலியைத் தாழ்த்தும் வழக்கமும் சொல்லாமலே நிலைபெற்றது. ரமலானின் இறுதி நாட்களில் தலைமைக் காஜியின் பிறை அறிவிப்புக்காக வானொலி முன்னும் தொலைக்காட்சி முன்னும் காத்திருந்தோரில் தொலைக்காட்சியை மறுத்த பெரியவர்களும் இருந்தனர் என்பதை அன்போடு நினைவுகூர்கிறோம்.

இன்னொரு நிகழ்வையும் குறிப்பிட வேண்டும். பி. ஆர். சோப்ராவின் 'மகாபாரதம்' 1988 அக்டோபர் முதல் 1990 ஜூன் வரை ஞாயிறு காலையில் 94 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. மொழி இந்தி. நம் தெருவில் இந்தி அறிந்தவர் எவருமில்லை. ஆனால் உருது பேசும் குடும்பம் ஒன்று இருந்தது. அக்குடும்பத்து மூதாட்டியைத் தெருப்பிள்ளைகள் அனைவரும், எவ்வீட்டுப் பிள்ளையாயினும், நானிமா என்றே அழைப்போம். உருதுக்கும் இந்திக்கும் உள்ள உறவினால் அவருக்கு அவ்வுரையாடல் பெரும்பாலும் விளங்கிற்று. ஞாயிறுதோறும் எதிர்வீட்டுக் கூடத்தில் முன்வரிசையில் அவர்க்கென ஒரு நாற்காலி. பீஷ்மர் பேசி முடித்ததும் அனைவரும் நானிமாவைத் திரும்பிப் பார்ப்பர். அவர் தம் தமிழில், தமக்குரிய சுருக்கத்தோடு, "கிழவரு கல்யாணமே வேண்டாங்கறாரு, அப்பாவுக்காக விட்டுக் கொடுக்கறாரு" என்பார். பாரதக் கதை அறிந்த இந்துப் பெரியவர்கள் அதைத் திருத்தி விரிவாக்குவர். அத்தொடருக்கு உரையாடல் எழுதியவர் ராஹி மாசூம் ரஸா என்னும் முஸ்லிம் எழுத்தாளர் என்பது அன்று அக்கூடத்தில் எவர்க்கும் தெரியாது. பின்னாளில் கல்லூரியில் பயின்றபோது அதை அறிந்து நாம் நானிமாவிடம் சொன்னோம். "அதான் எனக்குப் புரிஞ்சுது" என்றார் அவர். நாட்டின் பிற பகுதிகளில் சமயத்தின் பெயரால் மனங்கள் பிளவுபட்டுக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. நம் தெருவில் வாரத்தில் ஒரு மணிநேரம் அப்பிளவுக்கு இடமில்லாதிருந்தது. தொலைக்காட்சிதான் அதைச் செய்தது என்று நாம் வாதிட மாட்டோம். பெட்டிகள் மூன்றே இருந்தமை அதற்கு உதவியது என்று சொல்வோம்.

நேயர் என்னும் சொல்

ஒளிபரப்பைக் காண்பவரைப் பார்வையாளர் என்று சொல்லியிருக்கலாம். காண்போர் என்று சொல்லியிருக்கலாம். வானொலியிலிருந்து வந்து தொலைக்காட்சிக்கும் தொடர்ந்த சொல் 'நேயர்' என்பதாகும். நேயம் அன்பு. வடமொழிச் சிநேகத்தின் திரிபாக அதைக் கொள்வாரும் உளர். பிறப்பு எதுவாயினும், அன்புடையவர் என்னும் பொருளில் தமிழ் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. ஆங்கிலத்தில் கேட்பவர், பார்ப்பவர் என்று வினையைக் கொண்டு பெயரிட்டார்கள். நாம் உறவைக் கொண்டு பெயரிட்டோம். அன்புடையவன் ஆதலின் அவன் வினவவும் செய்வான். குறை சொல்லவும் செய்வான்.

அவ்வுரிமை வெறும் சொல்லளவில் நின்றுவிடவில்லை. சென்னைத் தொலைக்காட்சியின் 'எதிரொலி' நிகழ்ச்சியில் நிலைய இயக்குநராக விளங்கிய ஏ. நடராஜன் நேயர் கடிதங்களை எடுத்துக்கொண்டு மறுமொழி கூறியதை நாற்பது வயது கடந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். படம் பாதியில் நின்றது ஏன், செய்தி வாசிப்பவர் ஒரு சொல்லைப் பிழையாக ஒலித்தது ஏன் என்றெல்லாம் அஞ்சலட்டையில் எழுதிக் கேட்ட மக்களுக்கு ஓர் அரசு அலுவலர் திரையில் தோன்றி விடை சொன்னார். அலுவலகங்களில் மனுக் கொடுத்து விடையின்றித் திரும்பிப் பழகிய மக்களுக்கு அது புதுமை. தடங்கலுக்கு வருந்துகிறோம் என்னும் அட்டை அடிக்கடி திரையில் தோன்றியதை இன்று எள்ளி நகையாடுகிறோம். வருந்துகிறோம் என்று சொன்ன அரசு நிறுவனம் அக்காலத்தில் வேறு எது என்றும் எண்ணிப் பார்க்கலாம்.

மொழிக்கு நேர்ந்த நன்மையையும் தமிழாசிரியர் என்ற முறையில் சுட்டுதல் நம் கடமை. செய்தி வாசிப்பில் லகர, ளகர, ழகர வேறுபாடு பிறழாது ஒலித்தவர்களைத் தென்மாவட்டச் சிறுவர்கள் நாள்தோறும் கேட்டனர். அவ்வாசிப்பாளருள் கவிஞர் ஈரோடு தமிழன்பனும் ஒருவர். சென்னைப் புதுக்கல்லூரியில், அதாவது நம் சமுதாயத்தார் நிறுவிய ஒரு கல்லூரியில், தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றியவர் அவர் என்பது இம்மலரைப் படிப்போர்க்குத் தனி மகிழ்வளிக்கும். 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியில் உழவர் தம் வட்டாரப் பேச்சிலேயே பேசினர். செந்தமிழும் கொடுந்தமிழும் ஒரே மாலையில் ஒரே திரையில் இடம்பெற்றன.

யாருடைய நிலையம்?

இதுகாறும் பாராட்டினோம். இனி விளக்கடி இருளைப் பேசுதல் வேண்டும். கோபுரம் கோடைமலையில் நின்றது, குரலோ கோடைமலையுடையதன்று. அது சென்னையையும் தில்லியையும் வாங்கி அனுப்பும் மறு ஒளிபரப்பு நிலையமே அன்றி, தானே நிகழ்ச்சி ஆக்கும் கலையகம் அன்று. மலைப்பூண்டும் காப்பியும் பேரிக்காயும் விளைவிப்போர், பளியர், புலையர் முதலான பழங்குடி மக்கள், மூட்டை சுமந்து காட்டுப்பாதையில் இறங்குவோர் ஆகிய இவர்கள் வாழ்வைத் தாங்கிய தொலைக்காட்சி அவர்கள் தலைக்கு மேலேயே நின்ற அக்கோபுரத்தில் உருவாகவில்லை. வட்டாரக் கோபுரம் இருந்தது; வட்டாரத் தொலைக்காட்சி இல்லை.

அவ்வாறு ஒன்று இருக்க முடியுமா என்று ஐயுறுவோர்க்குக் குஜராத்தின் கேடா மாவட்டம் சான்று. பீஜ் என்னும் சிற்றூரில் 1975-இல் ஒரு கிலோவாட் ஆற்றலுடைய சிறு ஒளிபரப்புக் கருவி நிறுவப்பட்டது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் அகமதாபாது மையம் நிகழ்ச்சிகளை ஆக்கியது. சுமார் 400 ஊர்களில் பொதுப் பெட்டிகள் வைக்கப்பட்டன. தீண்டாமை, கூலிக் குறைப்பு, கடன் கொடுமை ஆகியன பற்றிய நாடகங்களில் ஊர்மக்களே பங்கேற்றனர். மேலாளனை எதிர்த்துக் கூலிக்காரர் பேசும் மொழி அவர்களது பேச்சுமொழியாகவே இருந்தது. 1984-இல் ஊரகத் தகவல்தொடர்புக்கான யுனெஸ்கோ பரிசு அம்முயற்சிக்குக் கிடைத்தது. இதில் நமக்கு ஒரு சிறு கூச்சமும் உண்டு. அடுத்த ஆண்டே அந்நிலையத்தை நிறுத்தி அக்கருவியைச் சென்னையின் இரண்டாம் அலைவரிசைக்குக் கொண்டுவர முற்பட்டபோது, கேடாவின் நேயர்கள் எதிர்த்துக் குரல் எழுப்பினர். 1990-இல் அம்முயற்சி முடிவுக்கு வந்தது. தமது நிலையம் என்று சொல்லிப் போராடத்தக்க ஒன்று அவர்களிடம் இருந்தது. நமக்குக் கோபுரம் மட்டுமே இருந்தது.

கோடைமலைக்கு அக்குறை ஓரளவு தீர்ந்தது தொலைக்காட்சியால் அன்று, வானொலியால். 100.5 மெகாஹெர்ட்சில் 10 கிலோவாட் ஆற்றலோடு எழுந்த கோடைப் பண்பலை, மலையின் உயரத்தைத் தொலைக்காட்சி பயன்படுத்தியது போலவே பயன்படுத்தி, தென்மாவட்டங்களையும் கொங்கு நாட்டையும் கேரள எல்லைத் தேயிலைத் தோட்டத் தமிழரையும் எட்டியது. இங்கே அறிவிப்பாளர் மலையிலேயே இருந்தார். மழை பெய்தால் மழையென்றார். தொலைபேசியில் வந்த நேயரை ஊர்ப்பெயர் சொல்லி வரவேற்றார். நெசவுக் கூடத்திலும் பின்னலாடைத் தொழிற்கூடத்திலும் தேநீர்க் கடையிலும் அக்குரல் ஒலித்தது. ஓர் ஊரின் பெயரைக் கோடைமலையிலிருந்து கேட்கும்போது அவ்வூரார்க்கு உண்டாகும் பூரிப்பைக் கண்டவர்க்கே தெரியும். தொலைக்காட்சி செய்யத் தவறியதை, படமே இல்லாத வானொலி செய்தது.

கூட்டம் கலைந்த கதை

1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி வந்தது. கம்பிவடம் தெருவுக்குள் நுழைந்தது. ஆன்டெனாவைத் திருப்ப மாடிக்கு ஏற வேண்டிய தேவை போயிற்று. பெட்டிகள் மலிந்தன. 2006-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் பெட்டியில்லாத வீடே இல்லை என்னும் நிலைக்கு அருகில் நம்மைக் கொண்டுவந்தது. இல்லாத வீட்டார் உள்ள வீட்டு வாசலில் நிற்கும் இழிவு நீங்கியது. அதை நாம் முழுமனத்தோடு வரவேற்கிறோம். வாசலில் நின்று பார்த்த சிறுவரைப் பெட்டிக்காரர் விரட்டிய வீடுகளும் உண்டு. பழையதை எண்ணி உருகுவோர் அதை மறந்துவிடுகின்றனர். ஆயினும் பெட்டி இலவசமாக வந்த அதே காலத்தில், வானிலிருந்து இலவசமாக வந்துகொண்டிருந்த அலையை வாங்குவார் இல்லாது போயினர். மாதந்தோறும் பணம் கட்டிக் காண்பதே இயல்பாயிற்று.

இங்கே சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், அலைகள் பொதுச்சொத்து என்றும், அவற்றை அரசின் தனியுரிமையாகவோ தனியார் உடைமையாகவோ கருதாமல் மக்கள் நலனுக்குப் பயன்படுத்த வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. கிரிக்கெட் போட்டி ஒளிபரப்பு பற்றிய வழக்கில் பிறந்த தீர்ப்பு அது. 1990-இல் நிறைவேறிய பிரசார் பாரதி சட்டம் 1997-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அரசிடமிருந்து விலகிய பொது ஒளிபரப்பு என்பது அதன் நோக்கம். ஆனால் ஒளிபரப்பு தமக்கே உரியது என்று சட்டம் சொன்ன நேரத்தில், அதை உரிமையோடு கேட்க வேண்டிய நேயர் வேறு அலைவரிசைகளுக்குப் போய்விட்டனர். முன்னர் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்திய காலத்தில், நான் கட்டணம் செலுத்துகிறேன், ஆகவே கேட்கிறேன் என்று எழுதிய நேயர் உண்டு. எண்பதுகளின் நடுவில் அக்கட்டணம் நீங்கியது. சுமை குறைந்தது என்று மகிழ்ந்தோம். பிரிட்டனில் இன்றும் அக்கட்டணத்தை முணுமுணுத்துக்கொண்டே செலுத்துகின்றனர். அதனாலேயே தம் ஒளிபரப்பு நிறுவனத்தைக் கேள்வி கேட்கவும் அவர்கள் தயங்குவதில்லை.

பெயர் மாற்றங்களைத் தமிழாசிரியர் கண் விடாது. சென்னைத் தொலைக்காட்சியின் செயற்கைக்கோள் அலைவரிசை 2000-இல் பொதிகை என்று பெயர் பெற்றது. அகத்தியர் மலையின் பெயர். தமிழ் பிறந்த மலை என்று மரபு போற்றும் பெயர். மலை உச்சியிலிருந்து வந்த ஒளிபரப்புக்கு மலையின் பெயரே பொருந்தியது. 2024 ஜனவரியில் அது டிடி தமிழ் என மாறியது. தமிழ் என்னும் சொல் இடம்பெற்றமை நன்றே. ஆனால் முன்னொட்டாக நிற்கும் அவ்விரு எழுத்துகளைத் தமிழ் இலக்கணத்தின் எந்த நூற்பாவால் விளக்குவது என்று மாணவர் கேட்டால் நம்மிடம் விடையில்லை.

இதற்கிடையில் வான்வழி ஒளிபரப்பே முடிவுக்கு வந்தது. எல்லைப்புறம் போன்ற இன்றியமையா இடங்கள் நீங்கலாக, நாடெங்கும் உள்ள பழைய முறைத் தொலைக்காட்சிக் கருவிகளை 2022 மார்ச்சுக்குள் நிறுத்திவிடப் பிரசார் பாரதி முடிவு செய்து, அவ்வாறே படிப்படியாக நிறுத்தியது. சிலவே காணும் ஒளிபரப்புக்குப் பெரும் மின்செலவு ஏன் என்பது அதன் நியாயம். மறுக்க இயலாத நியாயம். அதே அலைவரிசையைக் கட்டணமில்லாச் செயற்கைக்கோள் கிண்ணத்தின் வழியே இன்றும் காணலாம். கோடைமலையின் உயரம் தொலைக்காட்சிக்கு இனித் தேவையில்லை. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோளுக்கு 2,100 மீட்டர் எம்மாத்திரம்?

ஆயினும் கோள் எல்லார்க்கும் பொது, எவ்வூர்க்கும் உரியதன்று. மலைக் கோபுரம் தன் அலை எட்டிய வட்டத்திற்குள் ஒரு மக்கள் கூட்டத்தை வரைந்து காட்டியது. மதுரையானும் பழனியானும் கம்பத்தானும் தத்தம் கூரைக்கம்பியை ஒரே உச்சியை நோக்கித் திருப்பியிருந்தனர். அவ்வட்டத்திற்கு வரைபடம் எவரும் வரையவில்லை. அதில் வாழ்ந்தோர் எழுதிய அஞ்சலட்டைகளும் தொகுக்கப்படவில்லை. நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் திரிந்து தொகுத்த நம் துறைகள், ஒரு தலைமுறை தன் கைப்பட எழுதிய இக்கடித இலக்கியத்தைக் கண்டுகொள்ளவில்லை. இவ்வாண்டு நம் முதுகலை மாணவர் சிலரிடம், அவரவர் ஊரில் அக்காலப் பெட்டி இருந்த வீடுகளைக் கண்டு, நேயர்களாக இருந்த பெரியவர்களின் சொற்களை ஒலிப்பதிவு செய்து வருமாறு பணித்துள்ளோம். முதற்பதிவு வந்துவிட்டது. எழுபது கடந்த ஓர் அம்மையார் அதில் பேசுகிறார். செவ்வாய் நாடகத்தைப் பற்றிக் கேட்டதற்கு அவர் நாடகத்தின் பெயரைச் சொல்லவில்லை. அன்று தம் பக்கத்தில் அமர்ந்து பார்த்தோரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார்.

நம் பழைய வீட்டு மாடியில் அக்கம்பி இன்னும் நிற்கிறது. குறுக்குக் குழாய்கள் இரண்டு உதிர்ந்துவிட்டன. துணி உலர்த்தும் கொடியின் ஒரு முனை அதில் கட்டப்பட்டுள்ளது. அதைத் திருப்பி வைக்க எவரும் ஏறாமையால், அதன் முகம் இன்றும் வடகிழக்கே கோடைமலைப் பக்கமாகவே இருக்கிறது.